உங்கப்பா கேட்டது இட்லியா

சேரப்பணஞ்சேரி
18.7.2005

என் ராசா ரகுபதிக்கு, உன் அம்மா கன்னியம்மா கைப்பட எழுதுறது. இங்கு எல்லாரும் நலம்னு தான் ஆரம்பிக்கணும், அந்த எல்லாரும்கிற இடத்துல பேனா நின்னு போச்சு, அதனால மிச்சம் இருக்கிறவங்க நலம்னு எழுதுறேன், நீயும் நீ தின்னுற அந்த வேகாத மீனும் நலமான்னு தெரிஞ்சிக்க ஆசை. என் கையெழுத்து மூணாங்கிளாஸோட நின்ன கையெழுத்து, எழுத்து முன்ன பின்ன இருந்தா நீயே திருத்திப் படிச்சிக்கோ, உன்னை டிப்ளமா படிக்க வெச்சது இதுக்குத்தான். போன்ல பேசலாமே எதுக்கு கடுதாசின்னு கேப்ப. போன்ல நீ எங்கடா பேசுற, சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரிம்மா வெச்சிடறேன், அவ்வளவுதான், உங்கப்பா பேரை எடுத்தாலே உனக்கு லைன் சரியா கேக்க மாட்டேங்குது. பங்குனி வெயில்ல உங்கப்பாவை, நீ லீவு கேட்டு பிளேன் பிடிச்சு வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாதுன்னு பெரியவங்க சொல்லித்தான் உன் சித்தப்பா மகன் தணிகாசலம் கொள்ளி வெச்சான். அதுக்காக இங்க உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை, நானும் சொல்லலை, நீயேதான் உன்னைத் திட்டிக்கினு இருக்கேன்னு எனக்குத் தெரியும், திட்டி முடிச்சிட்டியானா இதை மேல படி.

இந்தக் கடுதாசி ஒரே ஒரு கேள்விக்காகத்தான். நீ அனுப்புற ஜப்பான் பொம்மைப் படத்துல எல்லாம் பசங்க வூட்டை விட்டுக் கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லுமே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நீ எப்பவாவது உங்கப்பாவுக்குச் சொன்னியா, சொல்லலையா. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு. ஆடி அமாவாசைக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். அன்னைக்கு அவருக்கு இலை போடணும், அந்த இலையில இட்லி வெக்கிறதா வேணாமான்னு உன் பதிலை வெச்சுதான். அம்மாவுக்குப் பைத்தியம் முத்திப் போச்சுன்னு நினைக்காதே, முதல்லேர்ந்து சொல்றேன்.

நீ ஜப்பானுக்குப் போன புதுசுல அந்த சி.டி.ங்களை எழுதி அனுப்பினியே, பொம்மைப் படம் சின்னப் புள்ளைங்க பாக்கறது, நமக்கு எதுக்குன்னு நான் அலமாரி மேல வெச்சிட்டேன். உங்கப்பாதான் எடுத்துப் போட்டுப் பாத்தார், அதுவும் படத்துக்காகப் பாக்கலை. நீ எப்படிப்பட்ட ரோட்டுல நடக்குற, எப்படிப்பட்ட ரயில்ல போற, எந்தக் கிண்ணத்துல சோறு துன்ற, அதைப் பாக்கத்தான். நடுவுல நிறுத்தி நிறுத்தி, இங்க பார்டி, இவ்ளோ கரண்டு கம்பி குறுக்கயும் நெடுக்கயும் ஓடுது, இதுக்குக் கீழதான் நம்ம புள்ள நடந்து போவான்னு காட்டுவார். அது வரைஞ்ச ரோடுங்க, அதுல எப்படி நம்ம புள்ள நடப்பான்னு கேட்டா, வரைஞ்சவன் பாத்துட்டுத்தானே வரைஞ்சிருப்பான்னு சொல்லுவார். அப்பறம் ரோடு பாக்கறது போயி கதை பாக்க ஆரம்பிச்சிட்டார். மீசை நரைச்ச ஆம்பளை, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நாள் பூரா ஷேர் ஆட்டோ ஓட்டிட்டு வந்து, மோவாய்க்கட்டையில கை வெச்சிக்கினு பொம்மை பாக்குதுன்னு நான் கிண்டல் பண்ணுவேன், அவர் காதுல வாங்கினாத்தானே.

நம்ம பின்பக்க ரூமுங்கள்ல இப்ப எல்லாம் தெக்கத்திப் பொண்ணுங்கதான் குடியிருக்குதுங்க, வயர் கம்பெனி வேலைக்கு வந்ததுங்க. ஸ்டேஷன்ல இறங்கி பையும் கையுமா முழிக்கிற பொண்ணை உங்கப்பாதான் ஆட்டோவுல ஏத்திக்கினு வந்து, கன்னிம்மா, புதுசா ஒண்ணு வந்திருக்குதுன்னு கோழிக்குஞ்சு வாங்கிட்டு வந்த மாதிரி சொல்லுவார். வந்த பொண்ணு ராத்திரிக்கெல்லாம் அழும். மறுநாள் இவர் வைத்தியம் ஆரம்பிப்பார். ஊர் நினைப்புல அழற பொண்ணா இருந்தா, நூடுல்ஸ் கடையில வேலை பாக்குற நரிப் பையன் படம். வாலை ஏப்ரனுக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கினு, பேரை மாத்திச் சொல்லிட்டு வேலை பாக்குமே, அது. இவரே அதுக்கு நரிமுத்துன்னு பேர் வெச்சிட்டார். ரூம்ல கூட இருக்கிற பொண்ணுங்களோட சண்டை போடுற பொண்ணா இருந்தா, எட்டு பொண்ணுங்க சேந்து படகு வலிக்குமே, அந்த நீளத் தொடரு. லைன்ல சூப்பர்வைசர் கிட்ட திட்டு வாங்கிட்டு மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு வந்தா, துறைமுகத்துல துருப்பிடிச்சுக் கிடந்த கிரேன் எழுந்து மனுஷன் மாதிரி நடக்குமே, அந்த இரும்பு ஆளு. டாக்டர் மாத்திரை குடுக்குற மாதிரி பாத்துப் பாத்துத்தான் குடுப்பார். எடுத்ததும் இரும்பு ஆளைக் காட்டக்கூடாது, பயந்துடும், நரிமுத்துதான் முதல்னு சட்டம் வேற.

அதோட போச்சா, புதுசா உக்கார்ற பொண்ணுக்கு முன்னுரை ஒண்ணு குடுப்பார். இது பொம்மைதானேன்னு எழுந்து போவக்கூடாது. முதல் கால் மணி ஒண்ணுமே நடக்காது, துணி காயும், தண்ணி கொதிக்கும், தவளை ஒண்ணு சும்மா உக்காந்திருக்கும், அந்த ஒண்ணும் நடக்காத இடத்துலதான் படமே கீது. அப்பறம் வில்லன் எங்கன்னு தேடக்கூடாது, நம்ம படத்துல வில்லன் வந்தா மேளம் அடிச்சிச் சொல்லுவான், இதுல யார் கெட்டவன்னு கடைசி வரைக்கும் பிடிபடாது, உங்க கம்பெனி மாதிரின்னு சொல்லுவார். ஒண்ணும் நடக்காத இடம் பாக்கணும்னா அடுப்பங்கரைக்கு வந்து என்னைப் பாருன்னு நான் உள்ளேர்ந்து கத்துவேன். பொண்ணுங்க சிரிக்கும். அழுதுக்கினு வந்த பொண்ணும் சிரிச்சிடும், அதுதான் அவருக்கு வேணும். பாஷை தெரியாத படத்துக்கு எல்லாருக்கும் இவரே குரல் குடுப்பார், நரிக்கும் இவர்தான், நூடுல்ஸ் கடைக்கார அம்மாவுக்கும் இவர்தான்.

அப்படிக் குரல் குடுத்துக் குடுத்துத்தான் இந்த வார்த்தை வந்து மாட்டிச்சு. எந்தப் படமா இருந்தாலும், பள்ளிக்கூடம் போற புள்ளை வாசல்ல ஷூ மாட்டிக்கினு ஒரு சத்தம் குடுக்கும், உள்ளேர்ந்து அம்மாக்காரி ஒரு பதில் குடுப்பா. உங்கப்பா காதுல புள்ளை சொல்றது இட்லி கீதாமான்னு விழுந்துச்சு, அம்மாக்காரி சொல்றது இட்லி ராசான்னு விழுந்துச்சு. அவ்வளவுதான், வூடே அமளி. தென்காசிப் பொண்ணு சுகப்பிரியா இருக்குதே, வாயாடி, அது நம்ம கீதுவைக் கேட்டாலே நக்கல் பண்ணும், என்னய்யா கீது, கெடக்குன்னு சொல்லணும், இருக்குன்னு சொல்லணும், கீதுன்னு ஒரு தமிழான்னு கேக்கும். இவருக்கு அன்னைக்குக் கொண்டாட்டம். பாத்தியாம்மா, காஞ்சிபுரம் ஜில்லாக்காரனும் ஜப்பான்காரனும்தான் கீதுன்னு நறுக்குன்னு முடிக்கிறான், அதான் ரெண்டு ஊருலயும் கம்பெனி வருது, நீங்க கெடக்கு கெடக்குன்னு சொன்னீங்க, உங்க ஊரு கெடக்குதுன்னு சொல்லிட்டார். அந்தப் பொண்ணு தலையில அடிச்சிக்கினு சிரிச்சுது. அதுலேர்ந்து கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பற பொண்ணுங்க எல்லாம் வாசல்ல நின்னு இட்லி கீதாமான்னு கத்தும், இவர் இட்லி ராசான்னு கத்துவார். இவர் ஆட்டோ எடுக்கும்போது இவர் கத்துவார், நான் பதில் சொல்லணும். இட்லி எல்லாம் இல்லை, நேத்து சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், போவியான்னு நான் ஒரு நாளாவது சொல்லாம இருந்திருப்பேனா, ஆனா கடைசியில இட்லி ராசாவும் சொல்லிடுவேன், சொல்லலைன்னா ஆட்டோ நகராது.

கடைசியா நீ அனுப்பினது அந்த இடிக் குழந்தை படம். வானத்துலேர்ந்து தவறி ஒரு வூட்டுக் கிணத்துல விழுந்த இடியோட குழந்தை, குட்டி மேளத்தோட, அந்த வூட்டுப் பொண்ணு அதை எடுத்து வளக்குது. ரெண்டு சி.டி. முதல் சி.டி. பாத்தோம். குழந்தை மேளம் அடிக்கும்போதெல்லாம் தெருவுல கரண்டு போவுதுன்னு உங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சார், நம்ம தெருவுலயும் ஒண்ணு விழுந்திருக்கும்டி, அதான் தினம் கரண்டு போவுதுன்னு சொன்னார். ரெண்டாவதை ஞாயித்துக்கிழமை எல்லாப் பொண்ணுங்களுக்கும் லீவு, ஒண்ணா பாக்கலாம்னு எடுத்து வெச்சிட்டார். அந்த ஞாயிறு வர்றதுக்குள்ளதான்.

அன்னைக்குக் காலையில மார்ல என்னவோ அழுத்துதுன்னு சொன்னார். ஒண்ணும் சாப்பிடலை, காபி கூட வேணாம்னார். ஸ்டேஷன்ல அவர்கூட ஆட்டோ ஓட்டுற எல்லப்பன் வண்டியில போட்டுக்கினு போனோம், மடியில தலையை வெச்சிக்கினு நான்தான் கூட. வழி பூரா, எல்லப்பன் ஓட்டுறது சரியில்லை, குழி பாத்து ஓட்டச் சொல்லுன்னு அவரைக் குறை சொல்லிக்கினே வந்தார், நானும் இவ்வளவு வாய் இருக்குது, ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு போயி, அந்த உள் ரூம் கதவு கிட்ட என்னை நிறுத்திட்டாங்க. அப்போ என் பக்கம் தலையைத் திருப்பி, சத்தமே வரலை, ஆனா நல்லா கேட்டுச்சு, இட்லி கீதாமான்னு கேட்டார். பக்கத்துல இருந்த நர்ஸு, இப்போ வாய்க்கு ஒண்ணும் குடுக்கக்கூடாதும்மான்னு சொல்லிச்சு. நான் அவர் கையைத் தட்டி, உள்ள போயிட்டு வாய்யா, வந்ததும் சூடா ஊத்தித் தரேன்னு சொன்னேன். கதவை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் வாயைத் திறக்கலை.

பசியில கேட்ட மனுஷனை வெறும் வயித்தோட அனுப்பிட்டமேன்னுதான் எனக்கு இத்தனை நாளும். பதினாறாம் நாள் காரியத்துல வடை பாயசத்தோட இட்லியும் அடுக்கி வெச்சேன், உன் அத்தைங்க எல்லாம் என்னடி இது, ஓட்டல் மாதிரின்னு ஒரு மாதிரி பாத்தாங்க, பாக்கட்டும்னு வெச்சேன். அதோட நான் இட்லி வாயில வெக்கலை. பொண்ணுங்களும் வாசல்ல அந்தச் சத்தம் குடுக்கறதை நிறுத்திடுச்சுங்க, யாரும் சொல்லிக் குடுக்காமலே. தலையைக் குனிஞ்சிக்கினு, வரேன்மான்னு மெதுவா சொல்லிட்டுப் போவுங்க. டி.வி. மேல பழைய புடவையைப் போத்தி வெச்சிட்டேன்.

இந்த மாசம் நாங்குநேரி பக்கத்துலேர்ந்து இசக்கிசெல்வின்னு ஒரு பொண்ணு வந்துது, எல்லப்பன்தான் கூட்டிக்கினு வந்தார். தைரியமான பொண்ணுதான், கம்பெனியில அதை ஜப்பான் டிரெயினிங்குக்கு எடுத்து பாஷை வகுப்புல போட்டிருக்காங்களாம், ஆனாலும் லீவு நாள்ல சோத்துத் தட்டை முன்னாடி வெச்சிக்கினு அழுதுக்கினு இருந்துது. நான் சொல்ற ஆறுதல் எல்லாம் சொல்லிப் பாத்தேன், என் ஆறுதல் உனக்குத்தான் தெரியுமே, கேக்கறவங்களுக்கு இன்னும் அழுகை வரும். சுகப்பிரியாதான் மெதுவா, ஐயா இருந்தா நரிமுத்து போட்டிருப்பாவன்னு சொல்லிச்சு. எனக்கும் சரின்னு பட்டுது, புடவையை எடுத்து, நரிமுத்து உறையிலேர்ந்து சி.டி.யை எடுத்துப் போட்டேன். பாத்தா நரி இல்லை, இடிக் குழந்தை. ரெண்டாவது சி.டி. உங்கப்பா என்னைக்கு எந்த சி.டி.யை அதோட உறையில வெச்சிருக்கார். நிறுத்தலாம்னு கை போச்சு, பொண்ணுங்க எல்லாம் வந்து உக்காந்துடுச்சுங்க, சரின்னு வுட்டுட்டேன். கதை சொல்ல ஆள் இல்லாமலே எல்லாரும் பாத்தோம்.

குழந்தை வளந்துடுது. மழைக்காலம் வந்ததும் மேகம் அந்தக் கிணத்து மேலயே வந்து நிக்குது, போய்த்தான் ஆவணும். அந்தப் பொண்ணு அதுக்கு ஒரு சோத்து மூட்டை கட்டித் தருது. குழந்தை மேளத்தை மாட்டிக்கினு கிணத்தடிக்குப் போவாம, நேரா தெருவாசலுக்கு வந்து நின்னு, தினம் பள்ளிக்கூடம் போற புள்ளை மாதிரி அந்தச் சத்தத்தைக் குடுத்துது, இட்லி கீதாமா. எங்களுக்கு எல்லாம் ஒரே நேரத்துல சிரிப்பு வந்துடுச்சு, சோத்து மூட்டை கையில கீது, இன்னும் இட்லி கேக்குது பாருன்னு நான்தான் சொன்னேன். இசக்கிசெல்வி மட்டும் சிரிக்கலை. எதுக்கும்மா சிரிக்கிய, அது இட்லி இல்லையே, போயிட்டு வாரேன்னுல்லா சொல்லுது, வகுப்புல முதல் நாளே சொல்லிக் குடுத்தாவ, அவங்களும் நம்மள மாதிரிதாம்மா, வீட்ல போறேன்னு சொல்லிட்டுப் போவ மாட்டாவளாம், போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவாவளாம், உள்ள இருக்கவுக போயிட்டு வான்னு சொல்லுவாவளாம்னு சொல்லிச்சு.

அதுக்கப்புறம் அந்தப் படம் எப்படி முடிஞ்சுதுன்னு என்னைக் கேக்காதே. கண்ணுல ஒண்ணும் தெரியலை. அந்தப் புதுப் பொண்ணு, நான் ஏதும் தப்பா சொல்லிட்டனாம்மான்னு பயந்து போயி என் காலைப் பிடிச்சிக்கிச்சு, அதை சமாதானப்படுத்தவே பொழுது போச்சு. அதோட அழுகை அப்போ நின்னதுதான், அதுக்கப்புறம் அழலை, உங்கப்பா வைத்தியம் ஏதோ ஒரு வழியில வேலை செஞ்சிடுச்சு.

அதனாலதான் கேக்கறேன் ரகுபதி. பொங்கல் அன்னைக்கு நீ போன் பண்ணப்போ உங்கப்பா ரொம்ப நேரம் உன்கூடப் பேசினார், நடுவுல அப்படியான்னு ஒரு தரம் கேட்டார், அப்பறம் சிரிச்சார். என்னய்யா சொல்றான்னு கேட்டதுக்கு, ஒண்ணும் இல்லை, உன் புள்ளைக்கு உன்னை விட விவரம் ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு நீ இதைச் சொன்னியா. அதுக்கப்புறம்தான், முன்னாடி எல்லாம் கட்டில்ல படுத்துக்கினே இட்லி ராசான்னு கத்தற மனுஷன், எழுந்து சட்டையை மாட்டிக்கினு வாசலுக்கே வந்து நின்னு ஒவ்வொரு பொண்ணுக்கும் தனித்தனியா சொல்ல ஆரம்பிச்சார். ஒரு பொண்ணு சொல்லாம ஓடிட்டா தெருமுனை வரைக்கும் போயி கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிட்டு வருவார். நான் அப்போ, வயசாவ ஆவ பைத்தியம் பிடிக்குதுன்னு சிரிச்சேன். இதை எல்லாம் நினைச்சா தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்னு தோணுது. ஆனா தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாரா, ஒரு ஜோக்கு வயித்துல தங்காதே அவருக்கு. அன்னைக்குக் காலையில வேற ஒண்ணும் சாப்பிடலை. இட்லின்னா உயிரு. இப்படியும் தோணுது. அந்தக் கதவு கிட்ட அவர் பசிச்சுக் கேட்டாரா, இல்லை என்கிட்ட சொல்லிக்கினு போனாரா. இது ஒண்ணு தெரியாம எனக்கு இட்லிப் பானையைத் தொட முடியலை.

எனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு பொய் மட்டும் எழுதாதே, உன் பொய் கையெழுத்துலயே தெரியும், சாயும். சொல்லலைன்னா சொல்லலைன்னு எழுது, நான் அமாவாசைக்கு இட்லி வெச்சிடறேன், பசிச்சவருக்குப் போய்ச் சேரட்டும். சொன்னேன்னா சொன்னேன்னு எழுது.

இதுவரைக்கும் எழுதிட்டு, சரியா எழுதியிருக்கேனான்னு சுகப்பிரியாவை சத்தமா படிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கதவு கிட்ட வந்ததும் அது படிக்கறதை நிறுத்திட்டு என் மூஞ்சைப் பாத்துது. என்னடின்னு கேட்டா, அம்மா நீங்க ஐயாவுக்கு என்ன பதில் சொன்னீங்கன்னு நீங்களே எழுதியிருக்கியன்னு விரலை வெச்சிக் காட்டிச்சு. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கூட்டிக் கூட்டிப் படிச்சேன். போயிட்டு வாய்யான்னுதான் எழுதியிருக்குது. நான்தான் எழுதினேன், நான்தான் சொன்னேன், எனக்கே தெரியலை பார். அந்தப் பொண்ணு கடுதாசியை என் மடியில வெச்சிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிடுச்சு. வாசல்ல போயி நின்னுக்கினு ரொம்ப நாள் கழிச்சு அந்தச் சத்தத்தைக் குடுத்துது. அங்க நிக்க ஆள் இல்லையே, நான்தான் போயி நின்னேன்.

உடம்பைப் பாத்துக்கோ. போன தடவை அனுப்பின போட்டோவுல உன் கழுத்து கொக்குக் கழுத்து மாதிரி கீது, சட்டைக் காலரை ஒரு பட்டன் மேல போட்டுக்கோ, இல்லைன்னா சாப்பிடு. குளிருக்கு மப்ளர் கட்டு, கூட வேலை செய்யற பொண்ணு யாராவது கட்டி விட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்லை, கட்டறவ யாருன்னு மட்டும் சொல்லிடு. இனிமே போன்ல அப்பா பேரு வந்தா கட் பண்ணாதே, அவர் உன்னைத் திட்ட மாட்டார், இருந்தப்பவே திட்டலை. படம் கிடைச்சா அனுப்பு, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நரிமுத்து தேய்ஞ்சு போச்சு, கோடு கோடா ஓடுது, இனிமே யாருக்கு எதுன்னு நான்தான் பாத்துக் குடுக்கணும். முன்னுரை மட்டும் எனக்கு வராது, ஒண்ணும் நடக்காத இடத்துல நான் காய் நறுக்கப் போயிடுவேன்.

நம்ம எல்லையம்மன் துணை உனக்கு எப்பவும் இருக்கட்டும், ஒரு குறையும் இல்லாம நீ நல்லா இரு. கேள்வியை மறந்துடாதே, அமாவாசைக்கு முன்னாடி பதில் வேணும். பதில் எதுவா இருந்தாலும் அரிசி ஊறப் போட்டுடுவேன், பொண்ணுங்களுக்காவது ஆவும். நீ அங்க காலையில ரூமைப் பூட்டிட்டுக் கிளம்பும்போது, உள்ள ஆள் இல்லைன்னு வாயை மூடிக்கினு போவாதே, அந்த வார்த்தையைச் சொல்லிட்டுப் போ. அதுக்கு என் பதிலைக் கீழ எழுதிட்டேன், கடுதாசியைக் கதவுக்கு உள்பக்கமா வெச்சிக்கோ.

இட்லி ராசா.

உன் அம்மா
சு. கன்னியம்மாள்